புதைபடிவ டைனோஃபிளாஜெல்லேட் சிஸ்ட்டை விவரிப்பதும் வகைப்படுத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுண்புதைபடிவம் படிக்கத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பாறையைக் கரைத்து, ஸ்லைடு போட்டு, நுண்ணோக்கியில் விசித்திரமான ஓர் உருண்டையைப் பார்த்தாயிற்று. அதற்கப்புறம் அதை எப்படி எழுதுவது, எந்தப் பெயருக்குக் கீழே வைப்பது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். முடிந்தவரை ஒரே சிற்றினத்தை வைத்துக்கொண்டு பேசுகிறேன்: லிங்குலோடினியம் மக்கேரோஃபோரம். ஊமத்தங்காயைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதாக்கினால் எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அப்படி இருக்கும்.

டைனோஃபிளாஜெல்லேட் என்றால் என்ன? டைனோசருக்கும் இதற்கும் சொந்தமா?

சொந்தமில்லை. டைனோசரில் இருப்பது 'டெய்னோஸ்' என்ற கிரேக்கச் சொல், அச்சமூட்டுவது என்று பொருள். இதில் இருப்பது 'டீனோஸ்', அதாவது சுழல். ஒற்றைச் செல் உயிரி இது. இரண்டு கசையிழைகள் உண்டு. ஒன்று உடலின் இடுப்பைச் சுற்றியிருக்கும் பள்ளத்தில் அலையடித்துக்கொண்டிருக்கும், இன்னொன்று பின்பக்கமாக நீண்டு துடுப்புப் போடும். இரண்டும் சேர்ந்து இயங்கும்போது உயிரி சுழன்றுகொண்டே முன்னேறும்.

2019 ஆகஸ்ட்டில் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் அலைகள் இரவில் நீலமாக ஒளிர்ந்ததே, நினைவிருக்கிறதா? அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்ட நாக்டிலூகாவும் ஒரு டைனோஃபிளாஜெல்லேட்தான். ஆனால் அது புதைபடிவமாகும் சிஸ்ட் (உறக்கக் கூடு) எதையும் விட்டுச் செல்வதில்லை. நம் லிங்குலோடினியமும் உயிரோடு இருக்கும்போது அதேபோல ஒளிரும். அது மட்டும் சிஸ்ட் விட்டுச் செல்லும்.

சிஸ்ட் என்பது அந்த உயிரியின் ஓடா?

பலர் தடுக்கி விழும் இடம் இது. நீந்தித் திரியும் செல்லுக்கு ஒரு கவசம் இருக்கும். பல இனங்களில் அது செல்லுலோஸ் தட்டுகளால் ஆனது. செல் செத்ததும் அந்தத் தட்டுகள் கழன்று, மட்கிப் போய்விடும். புதைபடிவமாகக் கிடைப்பது அது இல்லை.

பாலினச் சேர்க்கைக்குப் பிறகு உருவாகும் செல், பல இனங்களில், தனக்கென்று கெட்டியான ஒரு சுவரைக் கட்டிக்கொண்டு கடலடிச் சேற்றில் போய் உறங்கும். நிலத்துச் செடிக்கு விதை எப்படியோ, இதற்கு அந்த உறக்கக் கூடு அப்படி. சூழல் சரியானதும் கூட்டில் ஒரு வாசலைத் திறந்துகொண்டு செல் வெளியே நீந்திப் போய்விடும். காலிக் கூடு சேற்றிலேயே கிடக்கும். அந்தக் காலிக் கூடுதான் நமக்குக் கிடைக்கிறது. அதன் சுவர்ப்பொருளை டைனோஸ்போரின் என்கிறோம். பாறையையே கரைக்கிற அமிலத்துக்கும் அது அசையாது.

இன்று வாழும் சிற்றினங்களில் இருபது சதவீதத்துக்கும் குறைவானவைதான் இப்படிப் புதைபடிவமாகக்கூடிய சிஸ்ட் உருவாக்குகின்றன. ஆகவே ஒரு பாறையில் சிஸ்ட் இல்லையென்றால் அந்தக் கடலில் உயிரியே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

பாறைக்குள் இருப்பதை எப்படி வெளியே எடுப்பது?

சாம்பல் நிற, கறுப்பு நிறக் களிப்பாறைகள் நல்லவை. சிவந்துபோன பாறையில் ஆக்சிஜன் புகுந்து எல்லாவற்றையும் தின்றிருக்கும். பாறையைக் கழுவி, பட்டாணி அளவுக்கு உடைத்து, முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு போய்விடும். பிறகு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் களிமண்ணையும் மணலையும் கரைக்கும். மிஞ்சுவதைப் பத்து அல்லது பதினைந்து மைக்ரான் வலையில் சலித்து, கிளிசரின் ஜெல்லியில் ஸ்லைடு போட வேண்டும்.

இரண்டாவதாகச் சொன்ன அமிலம் கண்ணாடியையே தின்னும். பிளாஸ்டிக் பாத்திரத்தில்தான் வைக்க முடியும். தோலில் பட்டால் உடனே வலி தெரியாமல்கூட இருக்கலாம், அதற்குள் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். புகைபோக்கிக் கூண்டு, தகுந்த கையுறை, கைக்கெட்டும் தூரத்தில் கால்சியம் குளூக்கோனேட் ஜெல், பக்கத்தில் இன்னொரு ஆள். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

அழுக்கு போகட்டும் என்று நைட்ரிக் அமிலம் ஊற்றுகிறவர்கள் உண்டு. புரோட்டோபெரிடினியம் வகையின் பழுப்பு நிறச் சிஸ்ட்டுகள் அதைத் தாங்காது. ஸ்லைடு பளிச்சென்று இருக்கும், பாதி இனங்கள் காணாமல் போயிருக்கும்.

நுண்ணோக்கியில் முதலில் எதைத் தேட வேண்டும்?

வாசலை. முள்ளைப் பார்க்காதீர்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள். உயிரி எந்த வழியாக வெளியே போனது என்று முதலில் கேளுங்கள்.

அந்தத் திறப்புக்கு ஆர்க்கியோபைல் என்று பெயர். 1961-இல் வில்லியம் எவிட் என்ற அமெரிக்க ஆய்வாளர் வைத்த பெயர் அது. அதுவரை இந்த முள்ளுருண்டைகளில் பெரும்பாலானவற்றை 'ஹிஸ்ட்ரிக்கோஸ்ஃபியர்' என்ற பொதுப் பெயரில் போட்டு வைத்திருந்தார்கள். என்ன உயிரி என்றே தெரியாது. சுவரில் இருக்கும் திறப்பு கண்ட இடத்தில் கிழிந்ததல்ல, நீந்தும் செல்லின் கவசத்தில் ஒரு குறிப்பிட்ட தட்டு இருந்த இடத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது என்று எவிட் காட்டினார். முட்களும் பல இனங்களில் அந்தத் தட்டு வரைபடத்தையே பின்பற்றி நிற்கின்றன. அதோடு அந்த உருண்டைகளில் பெரும்பகுதி டைனோஃபிளாஜெல்லேட் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எஞ்சியவற்றுக்கு 1963-இல் அவரே 'அக்ரிடார்க்' என்று பெயர் வைத்தார். மூலம் தெரியாதது என்று பொருள். தெரியாததைத் தெரியாததென்றே பெயரிட்டு ஒதுக்கி வைத்த அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

வாசலை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறேன் என்றால், லிங்குலோடினியம் மக்கேரோஃபோரத்தையும் ஆப்பர்குலோடினியம் சென்ட்ரோகார்ப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் உருண்டை, இரண்டிலும் உடல் முழுக்க முள். புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக் கணக்கில் சேர்ப்பார்கள். ஆனால் ஆப்பர்குலோடினியத்தில் ஒரே ஒரு தட்டு அளவுக்குத்தான் வாசல் திறந்திருக்கும், ஓரம் சுத்தமாக வெட்டினாற்போல இருக்கும். லிங்குலோடினியத்தில் ஒன்று முதல் ஐந்து தட்டுகள் வரை சேர்ந்து கழன்றிருக்கும். சில சமயம் தலைப்பக்கத் தட்டுகளும் கூடவே போய், பாதிக் கூடே பிய்ந்தாற்போல நிற்கும்.

வாசலைப் பார்த்தாயிற்று. அப்புறம்?

முட்கள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். எப்படி இருக்கின்றன என்பது அதற்குப் பிறகு. தட்டுகள் சந்திக்கும் மூலைகளில் நிற்கலாம். ஸ்பினிஃபெரைட்டிஸ் இதற்கு நல்ல உதாரணம், மூலை முட்கள் நுனியில் மூன்றாகப் பிரிந்திருக்கும். தட்டின் நடுவில் நிற்கலாம். அல்லது தட்டைப் பற்றிக் கவலையே படாமல் உடல் முழுக்கப் பரவி நிற்கலாம். லிங்குலோடினியம் மக்கேரோஃபோரம் மூன்றாவது வகை.

இப்போது அதன் ஒரு முள்ளை மட்டும் நூறு மடங்கு எண்ணெய் லென்ஸில் பாருங்கள். அடி அகலம், மேலே போகப் போகக் குறுகி நுனி கூர்மையாக மூடியிருக்கும். உள்ளே வெற்றிடம். குத்துவாளின் அலகு போலத் தெரியும். 'மக்காய்ரா' என்றால் கிரேக்கத்தில் கத்தி. கத்தி தாங்கியது என்பதுதான் மக்கேரோஃபோரம். நுனிக்குப் பக்கத்தில் ஃபோகஸை மெல்ல மேலும் கீழும் ஓட்டினால் மிகச் சிறிய முள்முடிகள் தெரியும். சுவரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்காது, ரவையை மெல்லத் தூவினாற்போலப் பொரிப்பொரியாக இருக்கும். இதையெல்லாம் கையால் வரைந்து பாருங்கள். கேமரா ஒரு தளத்தைத்தான் பிடிக்கும். வரைகிற கைதான் எல்லாத் தளங்களையும் சேர்த்துப் பார்க்கும்.

தட்டுகளுக்கு எண் போடுவது புரியவே மாட்டேன் என்கிறதே?

சார்லஸ் கோஃபாய்டு 1900-களின் முதல் பத்தாண்டில் வகுத்த முறை அது. இன்றும் அதுதான் பொது மொழி. தலையிலிருந்து வால் பக்கமாக வரிசை வரிசையாக இறங்க வேண்டும். தலைத் தட்டுகளுக்கு எண்ணோடு ஒரு கோடு, இடுப்புப் பள்ளத்துக்கு மேல் வரிசைக்கு இரண்டு கோடு, பள்ளத்துக்குக் கீழ் வரிசைக்கு மூன்று, வால் தட்டுகளுக்கு நான்கு. ஆகவே 3″ என்று எழுதியிருந்தால் இடுப்புக்கு மேல் வரிசையில் மூன்றாவது தட்டு. மேலே சொன்ன ஆப்பர்குலோடினியத்தின் வாசல் அதுதான்.

எண்ணைவிடத் திசைதான் பிழை தரும். சிஸ்ட் கண்ணாடி உருண்டை மாதிரி. மேல் பக்கத்தையும் பார்க்கலாம், ஃபோகஸை இறக்கினால் அடிப்பக்கத்தையும் பார்க்கலாம். ஆனால் அடிப்பக்கத்தை நாம் உள்ளேயிருந்து பார்க்கிறோம், இடம் வலமாகத் தெரியும். நான் படிக்கும் காலத்தில் ஒரு மாதிரியை மூன்று நாள் உட்கார்ந்து வரைந்து, பள்ளத்தின் இரண்டு முனைகளும் வழக்கத்துக்கு நேரெதிராக விலகியிருக்கின்றன, புதுப் பேரினமே கிடைத்துவிட்டது என்று நம்பினேன். ஆசிரியர் எதுவும் சொல்லாமல் ஒரு டிரேசிங் தாளில் என் படத்தைப் பிரதியெடுத்து, தாளைத் திருப்பி மேசையில் வைத்தார். சாதாரண கோனியாலக்ஸ் வகை அது. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் 'மேல் ஃபோகஸ்', 'கீழ் ஃபோகஸ்' என்று எழுதாமல் பென்சிலைக் கீழே வைப்பதில்லை. நீங்களும் எழுதுங்கள்.

எத்தனை மாதிரிகளை அளக்க வேண்டும்?

பெயரிடல் விதிநூலில் எண் எதுவும் இல்லை. முப்பது இருந்தால் எனக்கு நிம்மதி. பத்துக்குக் கீழே என்றால் பெயர் வைக்காமல் 'லிங்குலோடினியம், சிற்றினம் அ' என்று விட்டுவிடுவேன். மிகச் சிறியது, சராசரி, மிகப் பெரியது மூன்றையும் கொடுங்கள். உடல் விட்டத்தையும் முள்ளின் நீளத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். கசங்கிய, மடிந்த மாதிரிகளை அளவில் சேர்க்கக் கூடாது.

முள்ளின் நீளம் மாறினால் அது வேறு சிற்றினம்தானே?

இந்தக் கேள்விக்கு லிங்குலோடினியம் மக்கேரோஃபோரமே பதில் வைத்திருக்கிறது. திறந்த கடல் பக்கம் கிடைக்கும் சிஸ்ட்டுகளில் முட்கள் நீளமாக, இருபது மைக்ரான் வரைகூடப் போகும். கருங்கடலில் மேற்பரப்பு நீரின் உப்பு சாதாரணக் கடலில் பாதிதான். அங்கே கிடைப்பவற்றில் முட்கள் கட்டையாக இருக்கும், சிலவற்றில் வெறும் கொப்புளமாகத்தான் தெரியும். இரண்டை மட்டும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் யாராக இருந்தாலும் இரண்டு சிற்றினம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் இடைப்பட்ட நீளங்கள் எல்லாமே கிடைக்கின்றன. பல கடல்களிலிருந்து சேகரித்து அளந்தபோது, சராசரி முள் நீளம் நீரின் உப்போடும் வெப்பத்தோடும் சேர்ந்து மாறுவது தெரிந்தது. இன்று பழங்கால உப்புத்தன்மையைக் கணிக்கவே அந்த நீளத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

அதே ஆட்கள் குட்டை முள்ளுக்கு ஒரு பெயர், நெட்டை முள்ளுக்கு ஒரு பெயர் என்று பிரித்து வைத்திருந்தால் இந்தத் தொடர்பு கண்ணில் பட்டிருக்காது. இரண்டு இனங்கள் இடம் மாறின என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அதனால் புதுப் பெயர் எழுதப் பேனா எடுக்கும் முன் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இடைப்பட்ட வடிவங்களைத் தேடினேனா? தேடியும் கிடைக்கவில்லையா, தேடவே இல்லையா? வாசலின் இடம், முட்களின் இருப்பிடம், சுவரின் அடுக்குகள் ஆகியவற்றில் நிலையான வேறுபாடு இருந்து, பல அடுக்குப் பாறைகளிலும் அது திரும்ப வந்தால் புதுச் சிற்றினம் என்று நம்பலாம். நீளம், தடிமன், எண்ணிக்கை மட்டும் மாறினால் பொறுத்திருங்கள்.

டயக்னோசிஸ், விவரணை இரண்டும் ஒன்றா?

வேறு வேறு. டயக்னோசிஸ் என்பது இதை மற்றவற்றிலிருந்து எது பிரிக்கிறது என்று நாலைந்து வரியில் சொல்வது. விவரணையில் கண்ணில் பட்டதெல்லாம் வரலாம். டயக்னோசிஸில் 'சிஸ்ட் உருண்டை, முட்கள் உண்டு' என்று எழுதினால் அது நூறு இனங்களுக்குப் பொருந்தும். பிறகு 'ஒப்பீடு' என்ற பகுதியில், குழப்பம் தரக்கூடிய ஒவ்வொரு இனத்தின் பெயரையும் சொல்லி, எதனால் இது அது இல்லை என்று எழுதுங்கள். கட்டுரையில் நான் முதலில் புரட்டுவது அந்தப் பகுதியைத்தான்.

பெயர் செல்லுபடியாக விதிப்படி என்னென்ன வேண்டும்?

இந்த உயிரிகளைப் பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதிகளின் கீழ் நடத்துகிறோம். தாவரவியல் மாநாடு கூடும்போது அந்த விதிகள் திருத்தப்படும். 2017-இல் ஷென்ஜென், 2024-இல் மாட்ரிட். புதைபடிவச் சிற்றினத்துக்கு முக்கியமானவை இவை: 1912 முதல் படம் கட்டாயம். 1958 முதல் எந்த மாதிரியின் மேல் பெயர் நிற்கிறது என்று காட்ட வேண்டும். 1990 முதல் அந்த மாதிரி எந்த நிறுவனத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். 1996 முதல் விவரணையோ டயக்னோசிஸோ லத்தீனில் அல்லது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். 2001 முதல் படங்களில் ஒன்றாவது அந்த மூல மாதிரியின் படம் என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பெயர் செல்லாது. நல்ல வேலை செய்தும் நிறுவனத்தின் பெயரை எழுத மறந்ததால் பெயர் விழுந்துபோவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும். அனுப்பும் முன் இந்தப் பட்டியலை எதிரே வைத்துக்கொண்டு சரிபாருங்கள்.

இன்னொன்று, பால். லத்தீன் பெயர்களில் பேரினத்தின் பாலுக்கு ஏற்பச் சிற்றினப் பெயரின் முடிவு மாறும். 1979-இல் ரெக்ஸ் ஹார்லண்ட் ஓர் இனத்துக்கு 'ஆகஸ்டா' என்று பெயரிட்டார், பேரினம் வெட்ஸலியெல்லா, பெண்பால். 1981-இல் அதை அபெக்டோடினியத்துக்கு மாற்றினார்கள். 'டினியம்' அலிப்பால் என்பதால் அது 'ஆகஸ்டம்' ஆயிற்று. 2015-இல் மறுபடியும் பேரினம் மாறி ஆக்ஸியோடினியம் ஆகஸ்டம் என்று நிற்கிறது.

ஹோலோடைப்புக்கு ஏன் இத்தனை மரியாதை?

மேலே சொன்ன மூல மாதிரிதான் ஹோலோடைப். பெயர் ஒட்டியிருப்பது எழுத்தோடு அல்ல, அந்த ஒற்றை மாதிரியோடு. நாளைக்கு உங்கள் விவரணை தப்பு என்று தெரிந்தாலும் பெயர் அந்த மாதிரியோடுதான் போகும்.

ஆப்பர்குலோடினியம் சென்ட்ரோகார்ப்பத்தின் கதை இதற்குப் பாடம். 1955-இல் டெஃபிளாண்ட்ர், குக்சன் என்ற ஆய்வாளர்கள் பழைய பாறையிலிருந்து அந்த இனத்தை விவரித்தார்கள். 1960-களில் இன்றைய கடல் சேற்றில் கிடைத்த மிகப் பொதுவான ஒரு சிஸ்ட்டுக்கும் அதே பெயரைப் பயன்படுத்தினார்கள். பிறகு ஹோலோடைப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் இன்றைய சிஸ்ட் அதோடு சரியாகப் பொருந்தவில்லை. இப்போது இன்றைய சிஸ்ட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் 'வாலும் டேலும் 1966-இல் கொண்ட பொருளில்' என்று டேவிட் வால், பேரி டேல் என்ற ஆய்வாளர்களின் பெயரையும் பின்னால் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

ஹோலோடைப்பைப் பத்திரமாக வைப்பதும் விவரிப்பதில் ஒரு பகுதிதான். நாற்பது மைக்ரான் பொருள் அது. ஒரு ஸ்லைடில் ஆயிரக்கணக்கான துகள்களுக்கு நடுவே கிடக்கிறது. நுண்ணோக்கி மேடையில் இருக்கும் அளவுகோல் எண்ணை மட்டும் எழுதாதீர்கள், வேறொரு நுண்ணோக்கியில் அது பொருந்தாது. இங்கிலாந்து ஃபைண்டர் என்று கட்டம் போட்ட ஒரு கண்ணாடித் தகடு உண்டு, அதில் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். அந்தக் குறியீட்டைக் கொடுங்கள். நம் ஊர் மே மாத வெயிலில் கிளிசரின் ஜெல்லி இளகும். ஸ்லைடைச் செங்குத்தாக நிறுத்தி வைத்தால் மாதிரி மெல்லக் கீழே நகர்ந்துவிடும். படுக்கை வாட்டில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஓரத்தை நகப்பூச்சால் அடைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஜெல்லி காய்ந்து உள்ளே காற்று புகும்.

பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் ஏதோ ஆட்களின் பெயர் இருக்கிறதே?

அது அந்தப் பெயரின் பயண வரலாறு. முழுதாக எழுதினால்: லிங்குலோடினியம் மக்கேரோஃபோரம் (டெஃபிளாண்ட்ர், குக்சன் 1955) வால் 1967. உள்ளே இருப்பவர்கள் சிற்றினத்தை முதலில் விவரித்தவர்கள். அப்போது அது ஹிஸ்ட்ரிக்கோஸ்ஃபெரிடியம் என்ற பேரினத்தில் இருந்தது. வெளியே இருப்பவர், டேவிட் வால், அதை இன்றைய பேரினத்துக்கு மாற்றியவர். இசபெல் குக்சன் மெல்போர்னில் வேலை செய்த ஆஸ்திரேலியத் தாவரவியலாளர். அவர் பெயர் இந்தத் துறையில் எந்தப் பட்டியலைத் திறந்தாலும் பக்கத்துக்குப் பக்கம் வரும்.

ஒரே உயிரிக்கு இரண்டு பெயர் இருப்பது சரியா?

விதிப்படி சரி. நீந்தும் செல்லை உயிரியலாளர்கள் லிங்குலோடினியம் பாலியீட்ரா என்கிறார்கள். 1883-இல் ஷ்டைன் அதைக் கோனியாலக்ஸ் பாலியீட்ரா என்று விவரித்தார். சிஸ்ட்டைப் புதைபடிவக்காரர்கள் மக்கேரோஃபோரம் என்கிறார்கள். இரண்டும் ஒன்று என்று தெரியவந்தது 1960-களில். டேவிட் வாலும் பேரி டேலும் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் கடல் சேற்றிலிருந்து உயிருள்ள சிஸ்ட்டுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வளர்த்து, எதிலிருந்து எது வெளியே வருகிறது என்று காத்திருந்து பார்த்தார்கள். புதைபடிவப் பெயர் கொண்ட கூட்டிலிருந்து, வேறொரு பெயர் கொண்ட உயிரி நீந்தி வந்தது.

அப்படியானால் ஒரு பெயரை விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். ஐந்து கோடி ஆண்டுப் பழைய சிஸ்ட்டிலிருந்து வெளியே போனது இன்றைய பாலியீட்ராதான் என்று யாராலும் முளைக்க வைத்துக் காட்ட முடியாது. சில இனங்களில் ஒரே மாதிரியான செல் வேறு வேறு வடிவச் சிஸ்ட்டுகளை உருவாக்குவதும் தெரிந்திருக்கிறது. ஆகவே இரண்டு பெயரும் இருக்கட்டும். தெரிந்த இடத்தில் தொடர்பை மட்டும் எழுதுங்கள்.

பேரினத்துக்கு மேலே எந்த வரிசையில் வைப்பது?

1993-இல் ஃபென்ஸமும் உடனிருந்தவர்களும் வாழும் இனங்களையும் புதைபடிவங்களையும் ஒரே அமைப்பில் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் இரண்டு பெரிய வரிசைகளில் ஒன்றில் உங்கள் மாதிரி விழும். வால் முனையில் ஒரே தட்டு, உடலில் இடமும் வலமும் சற்றுக் கோணலாக இருந்தால் கோனியாலகேல்ஸ். லிங்குலோடினியமும் ஸ்பினிஃபெரைட்டிஸும் அங்கே. வால் முனையில் இரண்டு தட்டு, இருபக்கமும் சமமாக, பெரும்பாலும் கொம்புகளோடு, வாசல் தலைக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள இடைத்தட்டில் இருந்தால் பெரிடினியேல்ஸ், அபெக்டோடினியம் அங்கே. தட்டு அடையாளமே இல்லை, வாசலும் தெரியவில்லை என்றால் அக்ரிடார்க் என்று எழுதத் தயங்க வேண்டாம்.

பெரிய ஆட்களே தவறியதுண்டா?

உண்டு, அதையெல்லாம் படிப்பது நல்லது. 1830-களில் ஜெர்மனியின் ஏரன்பெர்க், தீக்கல்லின் மெல்லிய சில்லுகளை நுண்ணோக்கியில் வைத்து இந்த முள்ளுருண்டைகளை முதன்முதலில் பார்த்தார். நன்னீரில் வாழும் ஸாந்திடியம் என்ற பச்சைப்பாசியின் உறவு என்று நினைத்து அதன் பெயரையே வைத்தார். பெயர் மாறியது, ஆனால் அவர் பார்த்தது சரியாகப் பதிவாகியிருந்தது. அவர் 'ராமோசம்' என்று விவரித்தது இன்று ஸ்பினிஃபெரைட்டிஸ் ராமோசஸ் என்று வாழ்கிறது.

ஆர்ப்பிலோரஸ் ஆண்டிகுவஸ் கதை வேறு மாதிரி. துனிசியாவின் சிலூரியன் பாறையிலிருந்து 1964-இல் விவரிக்கப்பட்டது. உறுதியான டைனோஃபிளாஜெல்லேட் சிஸ்ட்டுகள் டிரையாசிக் காலத்திலிருந்துதான் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. இது அதற்குப் பல கோடி ஆண்டுகள் முந்தியது. மிகப் பழைய டைனோஃபிளாஜெல்லேட் என்று பல பத்தாண்டுகள் பாடநூல்களில் இருந்தது. கூடுதல் மாதிரிகளை எடுத்து மறுபடி ஆராய்ந்தபோது அது கணுக்காலி விலங்கு ஒன்றின் தோல் துணுக்கு என்று முடிவானது.

இத்தனை நுணுக்கம் எதற்கு? சரியான பெயர் வைப்பதால் என்ன கிடைக்கிறது?

5 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமி திடீரென்று சுமார் ஐந்து டிகிரி சூடானது. அந்தக் குறுகிய காலத்தில் அபெக்டோடினியம் உலகின் பல கடல்களில் பெருகியது. மேலே சொன்ன ஆகஸ்டம் என்ற சிற்றினம் அந்தச் சூட்டுக் காலத்துக்கே அடையாளம் போன்றது. 2004-இல் வட துருவத்துக்கு அருகே லோமோனோசோவ் மலைத்தொடரில் கடலடியைத் துளையிட்டு எடுத்த மண்ணிலும் அபெக்டோடினியம் இருந்தது. வெதுவெதுப்பான கடலை விரும்பும் உயிரி ஆர்க்டிக்கில்! அங்கே கடல் மேற்பரப்பு 18 டிகிரியிலிருந்து 23 டிகிரிக்கு மேல் உயர்ந்ததை வேறு வேதிச் சான்றுகளும் காட்டின. யாராவது அந்தச் சிஸ்ட்டைப் பக்கத்துப் பேரினத்தோடு கலந்து எண்ணியிருந்தால் இந்தச் செய்தி மண்ணிலேயே கிடந்திருக்கும். எண்ணெய்க் கிணறுகளில் பாறையின் வயதைச் சொல்லவும் இதே பெயர்கள்தான் உதவுகின்றன.

தமிழ்நாட்டில் கிடைக்குமா?

கிடைக்கும். அரியலூர், திருச்சிப் பக்கம் காவிரிப் படுகையில் கிரெட்டேசியக் கடல் விட்டுப்போன பாறைகள் இருக்கின்றன. கல்லக்குடி என்ற டால்மியாபுரத்தின் சுண்ணாம்புக்கல் குவாரியை ஒட்டிய சாம்பல் நிறக் களிப்பாறையிலிருந்து 1970-களிலேயே டைனோஃபிளாஜெல்லேட் சிஸ்ட்டுகள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. 10 கோடி ஆண்டுக்கும் மேல் பழையவை. அந்தப் பக்கம் அம்மோனைட் பொறுக்கப் போகிறவர்கள் பலர். கையளவு சாம்பல் களிப்பாறையையும் ஒரு பையில் போட்டு, எடுத்த இடத்தையும் அடுக்கையும் எழுதி எடுத்து வந்தால் நல்லது. குவாரிக்குள் போக அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அமிலக்கூடம் இல்லாமல் பழக வழி உண்டா?

உண்டு. அமைதியான கழிமுகத்தில், காயலில், துறைமுக ஓரத்தில் மேலாக இருக்கும் மென்சேற்றை ஒரு டப்பாவில் எடுங்கள். நூறு மைக்ரான் வலையில் ஊற்றிப் பெரியதை ஒதுக்கி, இருபது மைக்ரான் வலையில் தங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் போட்டு, அரிசியில் கல் அரிப்பதுபோல மெல்லச் சுழற்றினால் மணல் அடியில் நிற்கும், இலேசானது மேலே வரும். அதில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் வையுங்கள். பச்சையும் பழுப்பும் நிரம்பிய முழுக் கூடுகளும், உள்ளே ஒன்றுமில்லாத காலிக் கூடுகளும் கலந்து கிடக்கும். காலியாக இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாசல் எங்கே என்று தேடி, ஒரு தாளில் வரையுங்கள். ஓரத்தில் 'மேல் ஃபோகஸ்' என்று எழுதுங்கள்.